புதிய இசை கண்ணில் படவில்லை, எழுதினால் ஆள் வரவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சினிமாவுக்கு வெளியே தமிழில் வரும் இசையை இணையத்தில் தேடிக் கேட்டு, அதைப் பற்றித் தமிழிலேயே எழுதி, படிக்க ஆள் சேர்க்க நினைப்பவர்களுக்கான குறிப்புகள் இவை. உங்களுக்கு எந்த அறிகுறி இருக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் ஒரு சோதனை. போன நான்கு வாரத்தில் இதற்கு முன் பெயர்கூடக் கேள்விப்படாத எத்தனை பேருடைய ஆல்பத்தை முழுதாகக் கேட்டீர்கள்? நான்கு பேர்கூடத் தேறவில்லை என்றால் கோளாறு கேட்கும் பக்கத்தில் இருக்கிறது. முதல் பாதியைப் படியுங்கள். கையில் சரக்கு இல்லாமல் வாசகரைத் தேடுவது வீண் வேலை. கேட்பது ஒழுங்காக நடந்தும் ஆள் வரவில்லை என்றால் நேராக இரண்டாம் பாதி.

அறிகுறி: பரிந்துரையில் சினிமாப் பாட்டும் ஏற்கெனவே கேட்ட பாட்டும்தான் வருகின்றன

செயலிக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கணக்கில் எது ஓடியது என்பது மட்டும்தான். காரில் ஓடியது, பிள்ளையைத் தூங்க வைக்க ஓடியது, வீட்டுக்கு வந்தவர் போட்டது எல்லாம் ஒரே கணக்கில் விழுந்தால் பரிந்துரை அந்தக் கூட்டத்துக்குத்தான் வரும்.

தமிழுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. நம் சினிமாப் பாடல்களின் தகவலில் இசையமைப்பாளர், பாடகர்கள் எல்லாரையும் கலைஞர் என்ற ஒரே இடத்தில் அடுக்கிவிடுகிறார்கள். ஒரு பின்னணிப் பாடகர் சொந்தமாக ஒரு சுயாதீன ஆல்பம் போட்டு, அதை நீங்கள் ஆசையாகக் கேட்டாலும், செயலி அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு அவர் பாடிய சினிமாப் பாடல்களுக்கே உங்களைக் கூட்டிப் போகும். கணக்குத் தொடங்கும்போது மொழி கேட்டதற்குத் தமிழ் என்று மட்டும் அழுத்தியிருந்தாலும் இதே கதிதான்.

சரிசெய்வது இப்படி. ஸ்பாட்டிஃபையில் வீட்டாருக்காக ஓடும் பட்டியல்கள் ஒவ்வொன்றையும் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, ரசனைக் கணக்கிலிருந்து விலக்கும் தேர்வைப் போடுங்கள். அப்படிப் பட்டியலாக இல்லாததைப் போடும்போது, ஓடுவதை ரசனைக் கணக்கில் சேர்க்காத பிரைவேட் செஷனை இயக்கிவிடுங்கள். யூடியூபில் வரலாற்றுப் பக்கத்துக்குப் போய், தேவையில்லாதவற்றை ஒவ்வொன்றாக நீக்குங்கள். முழு வரலாற்றையும் துடைத்தால் நீங்கள் தேடிக் கண்டுபிடித்த நல்லவையும் சேர்ந்து போய்விடும். அதற்குப் பிறகு வரும் பரிந்துரையில் வேண்டாத சேனல்களுக்கு ‘இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே’ என்பதை அழுத்துங்கள். ‘விருப்பமில்லை’ என்பதைவிட இது அழுத்தமாக வேலை செய்கிறது, ஏனென்றால் சேனலே பட்டியலிலிருந்து போகிறது.

இதையெல்லாம் செய்த மறுநாளே மாற்றம் தெரியாது. ஸ்பாட்டிஃபை உங்களுக்காகத் தொகுக்கும் டிஸ்கவர் வீக்லி பட்டியல் திங்கள்கிழமைதோறும்தான் புதுப்பிக்கப்படும். மூன்று நான்கு திங்கள்கிழமை பொறுங்கள். இந்த இடைவெளியில் பிடிக்காத பாட்டை 30 வினாடிக்குள் தாண்டிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை ஒரு பாட்டைக் கேட்டதாக எண்ணுவது 30 வினாடியைத் தொட்டபின்தான்.

உண்மையில் என்ன கேட்கிறோம் என்று பார்க்க, கேட்ட பாட்டையெல்லாம் பதிந்து வைக்கும் லாஸ்ட்.எஃப்எம் தளத்தில் கணக்கு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. 2002 முதல் இருக்கும் சேவை. பாட்டு 30 வினாடிக்கு மேல் நீளமாக இருந்து, அதில் பாதியோ நான்கு நிமிடமோ எது முதலில் வருகிறதோ அதுவரை ஓடினால் பதிவாகும். மூன்று மாதக் கணக்கைத் திறந்து பார்த்தால், புதிதாகக் கேட்கிறோம் என்ற நினைப்புக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் தெரியும்.

அறிகுறி: எங்கோ கேட்ட பாட்டு, பெயர் தெரியவில்லை, ஷாஸமும் கைவிரிக்கிறது

ஓடும் பாட்டைக் கேட்டு அதன் பெயரைச் சொல்லும் செயலி ஷாஸம். அது ஒலியின் அதிர்வெண் வரைபடத்தில் உயர்ந்து நிற்கும் புள்ளிகளின் அமைப்பை எடுத்துத் தன் கிடங்கில் உள்ள பதிவோடு பொருத்துகிறது. அதாவது அது தேடுவது மெட்டை அல்ல, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவை. மேடையில் பாடியது, வேறொருவர் பாடியது, ரீல்ஸில் வேகம் கூட்டியது எதுவும் பொருந்தாது.

மெட்டுத்தான் நினைவில் இருக்கிறதென்றால் கூகுள் செயலியில் முணுமுணுத்துத் தேடுங்கள். 2020 முதல் இந்த வசதி உண்டு. பத்துப் பதினைந்து வினாடி, சொல் இல்லாமல் ‘ன ன ன’ என்று பாடுவது போதும். வரி நினைவில் இருந்தால் ஒரே வரியை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள், முதலில் தமிழ் எழுத்தில், பிறகு ஆங்கில எழுத்தில். ஆங்கில எழுத்தில் தேடும்போது ழகரம், ளகரம், நெடில் எல்லாவற்றையும் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள் என்பதை நினைவில் வைத்து, இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் முயலுங்கள். பாட்டு யூடியூப் காணொளி ஒன்றின் பின்னணியில் வந்திருந்தால் விளக்கப் பகுதியின் அடிவரை இறங்கிப் பாருங்கள். பல காணொளிகளில் ‘இசை’ என்ற தலைப்பில் யூடியூபே கண்டறிந்த பெயர் அங்கே இருக்கும்.

அறிகுறி: நல்ல பாட்டு ஒன்று கிடைத்தது, அங்கிருந்து அடுத்ததுக்குப் போக வழி தெரியவில்லை

இந்தப் பகுதியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ‘இதுபோன்ற கலைஞர்கள்’ என்று செயலி காட்டும் பட்டியல் சில நூறு பேர் மட்டுமே கேட்கும் ஒரு கலைஞருக்குக் காலியாகவோ தவறாகவோதான் இருக்கும். அதற்குக் கணக்கிடப் போதுமான கேட்பு இல்லை. ஆகவே இயந்திரத்தை விட்டுவிட்டு ஆட்களைப் பின்தொடருங்கள்.

முதல் வழி, யூடியூபின் தானியங்கிப் பதிவுகள். கலைஞர் பெயரோடு ‘டாபிக்’ என்று முடியும் சேனல்களில், அசையாத ஆல்பம் படத்தோடு பாட்டு ஓடும். அந்த விளக்கப் பகுதி அருமையான தகவல் சுரங்கம். முதல் வரியில் பாட்டை யூடியூபுக்குக் கொடுத்த வினியோகஸ்தர் பெயர் இருக்கும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற பெயர் வந்தால் பெரும்பாலும் சுயாதீன வெளியீடு. நடுவில் வட்டத்துக்குள் எழுத்து போட்ட வரியில் ஆண்டும் உரிமையாளரின் பெயரும் இருக்கும். கீழே இசைத் தயாரிப்பாளர், பாடலாசிரியர், வாத்தியக்காரர் பெயர்கள் பல நேரம் இருக்கும். அந்த உரிமையாளர் பெயரை அப்படியே மேற்கோளுக்குள் போட்டு யூடியூபில் தேடினால், அந்தச் சிறு நிறுவனம் வெளியிட்ட மற்றவை வரிசையாக வரும். ஸ்பாட்டிஃபை தேடலிலும் ஆங்கிலத்தில் ‘லேபிள்’ என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, மேற்கோளுக்குள் நிறுவனப் பெயரைக் கொடுக்கலாம்.

இரண்டாவது, பாட்டின் பின்னால் நிற்பவர்கள். பாடகரை எல்லாரும் பின்தொடர்வார்கள். நீங்கள் ஒலிக்கலவை செய்தவரையும் டிரம்ஸ் வாசித்தவரையும் பின்தொடருங்கள். சென்னையானாலும் டொராண்டோவானாலும் சுயாதீன இசை வட்டத்தில் ஒரே ஒலிப்பொறியாளர் பலருக்கு வேலை செய்வார். அவர் கைபட்ட பத்து ஆல்பத்தில் குறைந்தது மூன்று உங்களுக்குப் பிடிக்கும். ஸ்பாட்டிஃபையில் பாட்டின் மூன்று புள்ளிக்குள் பங்களித்தோர் பட்டியல் இருக்கிறது. பழைய வெளியீடுகளுக்கு டிஸ்காக்ஸ், மியூசிக்பிரெய்ன்ஸ் இரண்டும் உதவும். இரண்டுமே 2000 முதல் ரசிகர்கள் கூடி நிரப்பி வரும் தரவுத்தளங்கள். ஒரு பெயரைச் சொடுக்கினால் அவர் பங்களித்தவை வரிசையாக வரும். தமிழ்ப் பெயர்கள் அவற்றில் குறைவு. உங்களுக்குத் தெரிந்ததை நீங்களே சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். அப்படிச் சேர்த்தால்தான் அடுத்தவருக்கு வழி பிறக்கும்.

மூன்றாவது, பேண்ட்கேம்ப். கலைஞர்கள் தங்கள் இசையை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் இந்தத் தளம் 2008இல் தொடங்கியது. இதில் ஒவ்வொரு ஆல்பத்தின் பக்கத்திலும் அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் வரிசையாக இருக்கும். காசு கொடுத்து வாங்கியவர் அவர். அந்தப் படத்தைச் சொடுக்கினால் அவர் வாங்கிய எல்லாம் தெரியும். உங்களுக்குப் பிடித்த மூன்று ஆல்பங்களை எடுத்து, அவற்றில் குறைந்தது இரண்டை வாங்கிய ஆட்களைக் கண்டுபிடியுங்கள். அப்படி நாலைந்து பேரைப் பின்தொடர்ந்தால், அவர்கள் வாங்குவதெல்லாம் உங்கள் ஓடையில் வந்து விழும். செயலிகளின் எந்தக் கணிப்பையும்விட இதை நாங்கள் நம்புகிறோம். ஆல்பத்தின் கீழே உள்ள குறிச்சொற்களில் கடைசியாக வருவது பெரும்பாலும் ஊர்ப்பெயர். சென்னை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர், டொராண்டோ, லண்டன், சூரிச் என்று ஊர் ஊராகச் சொடுக்கிப் பாருங்கள். தமிழ் என்ற குறிச்சொல் மட்டும் போட்டால் புலம்பெயர்ந்த இரண்டாம் தலைமுறையினர் பாதிப்பேர் விடுபடுவார்கள். பலர் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பாடி, இசையில் மட்டும் மிருதங்கத்தையோ பறையையோ வைத்திருப்பார்கள்.

நான்காவது, ஆள் உட்கார்ந்து தொகுக்கும் வானொலி. லண்டனில் 2011இல் தொடங்கிய என்டிஎஸ், சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி இரண்டும் ஒலிபரப்பிய பாடல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடுகின்றன. நிகழ்ச்சியை ஓடவிட்டு, நிமிர்ந்து உட்கார வைத்த இடத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு பட்டியலில் பாருங்கள்.

இத்தனையிலும் கிடைத்ததைக் குறித்து வைக்க ஒரே ஒரு விரிதாள் போதும். பெயர் தமிழிலும் ஆங்கில எழுத்திலும், ஊர், இணைப்பு, யார் வழியாகக் கிடைத்தது, பங்களித்தோர், முதல் கேட்பில் தோன்றிய ஒரு வரி. ‘யார் வழியாக’ என்ற நெடுவரிசையை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து அதை வரிசைப்படுத்தினால் எந்தக் கிணற்றில் நீர் ஊறுகிறது என்று தெரியும், மற்றவற்றை மூடிவிடலாம்.

அறிகுறி: பிடித்த கலைஞரின் வெளியீடு வந்து ஒரு மாதம் கழித்துத்தான் தெரிகிறது

2015 ஜூலையிலிருந்து உலகம் முழுவதும் புதிய இசைக்கு வெள்ளிக்கிழமைதான் வெளியீட்டு நாள். ஆகவே வெள்ளி இரவோ சனி காலையோ ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்பாட்டிஃபையின் ரிலீஸ் ரேடார் பட்டியல் நீங்கள் பின்தொடரும் கலைஞர்களையே முதன்மையாகக் கொண்டது. பாட்டுக்கு இதயக்குறி போட்டால் போதாது, கலைஞர் பக்கத்தில் பின்தொடர வேண்டும். சுயாதீனக் கலைஞர்கள் பலர் வெள்ளிக்கிழமையையே பார்ப்பதில்லை. பிறந்தநாள், பொங்கல், மாவீரர் நாள் என்று அவர்களுக்கு வேறு நாட்காட்டி. அவர்களுக்கு, ஒரு தளத்தில் புதிதாக வந்ததைத் தானாகக் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ் ஓடைதான் சரி. இனோரீடர், ஃபீட்லி போன்ற ஓடை படிக்கும் செயலி ஒன்றில் யூடியூப் சேனலின் முகவரியை ஒட்டினாலே ஓடை பதிவாகிவிடும். அதில் கணிப்பு கிடையாது, எதையும் மறைக்காது, வந்தது வந்த வரிசையில் வரும். லிசன்பிரெய்ன்ஸ் தளத்தின் புதிய வெளியீடுகள் பக்கத்தையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

அறிகுறி: புதிய பாட்டு என்று எழுதிய பிறகு அது பழைய பதிவு அல்லது வேறு ஆள் என்று தெரிகிறது

ஒரே பெயரில் இருவர் இருந்தால் சேவைகள் இருவர் பாட்டையும் ஒரே பக்கத்தில் கொட்டுவது வழக்கம். குரல், மொழி, வினியோகஸ்தர் மூன்றும் திடீரென்று மாறினால் சந்தேகப்படுங்கள். உறுதிசெய்ய ஐஎஸ்ஆர்சி எண்ணைப் பார்க்கலாம். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய 12 எழுத்துக் குறியீடு அது: முதல் ஐந்து எழுத்து பதிவு செய்தவரைச் சுட்டும், அடுத்த இரண்டு இலக்கம் குறியீடு கொடுத்த ஆண்டு, மீதி ஐந்து வரிசை எண். 2025 வெளியீடு என்று வந்ததில் ஆண்டு இலக்கம் 11 என்று இருந்தால், அது மறுபடி ஏற்றப்பட்ட பழைய பதிவு.

ஆளே இல்லாத இசையும் இப்போது பெருகிவிட்டது. பிரான்சின் இசைச் சேவையான டீசர் 2025இல் முழுக்கச் செயற்கை நுண்ணறிவு செய்த ஆல்பங்களுக்கு அடையாளம் ஒட்டத் தொடங்கியது. எல்லாச் சேவையிலும் அது இல்லை. மாதத்துக்கு மூன்று ஆல்பம், பங்களித்தோர் பட்டியல் காலி, மேடைக் காணொளி ஒன்றுகூட இல்லை, படங்கள் எல்லாம் ஒரே வழவழப்பு என்றால் எழுதுவதைத் தள்ளிப்போட்டு, அவர்களிடமே கேட்டு ஒரு செய்தி அனுப்புங்கள்.

அறிகுறி: எழுதியது கூகுளில் தலைகாட்டவே இல்லை

இனி எழுதும் பக்கம். முதலில், தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, அந்தப் பக்கத்தின் முகவரியை ஆய்வுப் பெட்டியில் ஒட்டுங்கள். அது சொல்லும் காரணத்தைப் பொறுத்து வேலை மாறும்.

‘நோஇண்டெக்ஸ்’ (தேடலில் சேர்க்காதே) என்று வந்தால், தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸின் அமைப்பில் வாசிப்புப் பகுதியில் தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டி டிக் ஆகியிருக்கும். தளம் கட்டும்போது போட்டு, திறந்தபின் எடுக்க மறப்பது மிகவும் சகஜம். ‘கண்டறிந்தது, இன்னும் சேர்க்கவில்லை’ என்றால் கூகுள் இன்னும் வந்து பார்க்கவில்லை. தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் தளவரைபடக் கோப்பைக் கொடுத்து, பழைய பதிவுகளிலிருந்து புதியதற்கு இணைப்பு வைத்துக் காத்திருங்கள். ‘வந்து பார்த்தது, சேர்க்கவில்லை’ என்றால்தான் யோசிக்க வேண்டும். இசைத் தளங்களில் இதற்கு வழக்கமான காரணம், பக்கத்தில் ஒரு பிளேயரும் இரண்டு வரியும் மட்டும் இருப்பது. பிளேயருக்குள் ஓடுவது உங்கள் எழுத்து அல்ல. 300 சொல்லுக்குக் குறையாமல், வேறெங்கும் கிடைக்காத தகவல் வையுங்கள்: யார் வாசித்தது, எங்கே பதிவானது, எத்தனையாவது நிமிடத்தில் என்ன நடக்கிறது, வரிகளில் எந்த ஊர்ப் பேச்சு. வரிகளை முழுதாக எடுத்துப் போடாதீர்கள். அதற்கு உரிமை வேண்டும்.

தலைப்பில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. தமிழில் எழுதுகிறோம் என்று கலைஞர் பெயரைத் தமிழில் மட்டும் போடுகிறோம். தேடுபவர் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார். தலைப்பில் தமிழிலும், முதல் பத்தியில் கலைஞர் தாமே எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் ஒருமுறை வையுங்கள்.

அறிகுறி: பகிர்ந்த இணைப்பு விழுக்காட்டுக் குறிகளாக நீள்கிறது, சில நேரம் பக்கமே திறப்பதில்லை

தமிழில் எழுதுபவர்களைத் தவறாமல் பிடிக்கும் கோளாறு இது. இணைய முகவரியில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக ஒரு குறியீட்டுக்கு ஒன்பது எழுத்து. ‘பு’ என்பது பகர எழுத்தும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடு, அதற்கே பதினெட்டு. ‘புதிய இசை’ என்ற சின்னத் தலைப்பு 73 எழுத்து முகவரியாகிறது. வாட்ஸ்அப் குழுவில் இதைப் பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று தொடாமல் போவார்.

வேர்ட்பிரஸ் இந்த முகவரித் துண்டை 200 எழுத்தோடு வெட்டிவிடும். அதாவது 22 குறியீடு, கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகப் பதினான்கு பதினைந்து. ஒரே தொடக்கமுள்ள இரண்டு தலைப்புகள் வெட்டுப்பட்டு ஒன்றுபோல் ஆகி, பின்னால் எண் ஒட்டிக்கொள்ளும். கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் வேறு விதம்: அது தமிழ் எழுத்தை முழுதாக நீக்கிவிட்டு, பொதுப் பெயர் ஒன்றோடு எண் போட்டு முகவரி கொடுக்கும். எது எந்தப் பதிவு என்று உங்களுக்கே தெரியாது.

வெளியிடுவதற்கு முன் முகவரித் துண்டை ஆங்கில எழுத்தில் நீங்களே தட்டுங்கள்: கலைஞர் பெயர், ஆல்பம் பெயர், நடுவில் சிறுகோடு, மொத்தம் நான்கைந்து சொல். பிளாகரில் இதற்குத் தனிப்பயன் நிலையிணைப்பு என்ற தேர்வு உண்டு. ஏற்கெனவே வெளியான பதிவில் மாற்றினால் பழைய முகவரியிலிருந்து நிரந்தரத் திசைமாற்றம் வைக்காமல் விடாதீர்கள். வேர்ட்பிரஸ் பதிவுகளுக்குத் தானாகவே செய்துவிடும். பிளாகரில் அமைப்புப் பக்கத்தின் திசைமாற்றப் பகுதியில் கையால் சேர்க்க வேண்டும்.

முன்னோட்டப் படம் வராததும் இதே வீட்டுச் சிக்கல். பக்கத்தின் நிரலில் தலைப்பகுதியில், பகிரும்போது எந்தப் படம் காட்ட வேண்டும் என்று சொல்லும் ஓபன் கிராஃப் படக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 1200க்கு 630 புள்ளி அளவு, கோப்பு 300 கேபிக்குள் வைத்துக்கொண்டால் வாட்ஸ்அப்பில் தொல்லை இல்லை. ஆல்பம் படம் சதுரம் என்பதால் அப்படியே போட்டால் தலையும் காலும் வெட்டுப்படும். இரண்டு பக்கமும் வண்ணப் பட்டை வைத்து அகலமாக்குங்கள். வாட்ஸ்அப்பில் முன்னோட்டத்தை உருவாக்குவது அனுப்புபவரின் கைப்பேசி. படத்தை மாற்றியபின்னும் பழையதே வந்தால் முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் எண்ணும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள்.

அறிகுறி: பக்கம் திறக்கத் திணறுகிறது, வந்தவர் பாட்டைக் கேட்காமலே போகிறார்

ஒரே பக்கத்தில் பத்து யூடியூப் பிளேயர் வைத்தால், ஒருவர் ஒன்றைக்கூட அழுத்துவதற்கு முன் ஒவ்வொன்றும் பல நூறு கேபி நிரலை இறக்கும். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பிளேயருக்குப் பதில் படமும் அழுத்து பொத்தானும் வைத்து, அழுத்திய பிறகே பிளேயர் வரும்படி செய்யுங்கள். அது முடியாவிட்டால், பிளேயரைப் பக்கத்தில் பொருத்தும் ஐஃபிரேம் நிரலில் சோம்பல் ஏற்றத்தையாவது (வாசகர் அந்த இடத்துக்கு இறங்கி வரும்போதுதான் ஏறும் தேர்வு) போடுங்கள்.

எந்தப் பிளேயர் என்பதும் முக்கியம். ஸ்பாட்டிஃபை பிளேயர், உள்நுழையாத வாசகருக்கு 30 வினாடித் துண்டைத்தான் கொடுக்கும். உங்கள் பதிவு நான்காவது நிமிடத்தில் நுழையும் நாதஸ்வரத்தைப் பற்றி இருந்தால் அவருக்கு அது கேட்கவே கேட்காது. பேண்ட்கேம்பில் இருந்தால் அதன் பிளேயரை வையுங்கள். கலைஞர் திறந்து வைத்த பாட்டு முழுதாக ஓடும், பக்கத்திலேயே வாங்கும் வழியும் இருக்கும்.

அறிகுறி: மின்மடல் போய்ச் சேரவில்லை, அல்லது பாதியில் வெட்டுப்படுகிறது

சேராததற்கு முதல் சந்தேகம், ஜிமெயில் முகவரியை அனுப்புநராக வைத்து வேறு சேவை வழியாக மொத்தமாக அனுப்புவது. சொந்த டொமைன் வாங்கி, மடல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் அதில் பதியுங்கள், டிமார்க்கையும் சேர்த்துவிடுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், யாகூ இரண்டும் இதில் கண்டிப்பு. நாளுக்கு 5000 மடலுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம், ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கட்டாயம். குப்பை என்று அழுத்துவோர் ஆயிரத்துக்கு மூன்று பேரைத் தொடக் கூடாது.

வெட்டுப்படுவது தமிழ் மடல்களுக்குச் சீக்கிரம் நடக்கும். மடல் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை மறைத்துவிடுகிறது. ஒரு தமிழ்ச் சொல்லுக்குச் சராசரி ஒன்பது குறியீடு என்று வைத்தால், இடைவெளியோடு 28 பைட். 2000 சொல் மடலின் எழுத்து மட்டுமே 56 கேபி. அதே நீள ஆங்கில மடல் பன்னிரண்டைத் தொடாது. அலங்கார வார்ப்புரு இன்னொரு ஐம்பதை எடுத்தால் முடிந்தது. மறைந்த பகுதியில்தான் விலகும் இணைப்பு இருக்கும். அதைக் காணாதவர் குப்பை என்று அழுத்துவார், அடுத்த மடல் மற்றவருக்கும் போய்ச் சேராது. எனவே 1000 சொல்லோடு நிறுத்தி, எளிய வார்ப்புருவில் அனுப்பி, மீதியைத் தளத்தில் படிக்கக் கொடுங்கள்.

திறந்தவர் விழுக்காட்டை நம்பித் தீர்மானம் எடுக்காதீர்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாட்டில், திறக்காத மடலின் படங்களும் முன்கூட்டியே இறங்கிவிடும். திறந்ததாகவே கணக்கில் விழும். இணைப்பைச் சொடுக்கியவர் எண்ணிக்கையும் பதில் எழுதியவர் எண்ணிக்கையும்தான் நம்பத்தக்கவை.

அறிகுறி: ஒரு பதிவுக்குக் கூட்டம் வருகிறது, யாரும் திரும்பி வருவதில்லை

கலைஞர் பகிர்ந்ததால் வந்த கூட்டம் கலைஞருடைய கூட்டம். அவர்களைத் தங்க வைக்கும் வேலை அந்தப் பதிவின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. பொதுவான ‘மேலும் படிக்க’ பெட்டியை எடுத்துவிட்டு, இந்தப் பாட்டு பிடித்தவருக்கு அடுத்து எது பிடிக்கும், ஏன் என்று நீங்களே மூன்று பழைய பதிவுகளைக் காரணத்தோடு கட்டி விடுங்கள். ‘இதே ஒலிப்பொறியாளர் செய்த வேறொரு ஆல்பம்’ என்பதைப் படிப்பவர் சொடுக்குவார். அதற்குக் கீழே மடலில் சேரும் பெட்டி ஒன்று மட்டும். ஐந்து சமூக ஊடகப் பொத்தான் வைத்தால் வந்தவர் அங்கே போய்விடுவார்.

நாள் மாறாமல் இருக்க வேண்டும். வாரம் ஒரு நீண்ட பதிவும், சனிக்கிழமை ஐந்து பாட்டுள்ள ஒரு சிறு பட்டியலும் ஒரு ஆளால் தாங்கக்கூடிய அளவு. தினம் ஒன்று என்று தொடங்கியவர்கள் களைத்து நிறுத்துவதே வழக்கம்.

வெளியிட்ட அன்றே இணைப்பைப் பாடகருக்கு அனுப்புவதோடு நிற்காமல், வாத்தியக்காரர், ஒலிக்கலவை செய்தவர், ஆல்பம் படம் வரைந்தவர் எல்லாருக்கும் தனித்தனியே அனுப்புங்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பெயர் சொல்லி, அவர்கள் செய்ததை விவரித்து எழுதிய ஒரு பத்தியை அவர்கள் தங்கள் வட்டத்துக்குக் கட்டாயம் காட்டுவார்கள். அந்த வட்டம் முழுக்க இசை செய்பவர்கள். உங்களுக்கு வேண்டிய முதல் நூறு வாசகர் அவர்கள்தான், அடுத்த பாட்டு உங்களுக்குக் கிடைப்பதும் அவர்களிடமிருந்துதான்.

அறிகுறி: பதிவு நீக்கப்பட்டது, உரிமை மீறல் அறிவிப்பு வந்தது

எம்பி3 கோப்பைத் தளத்தில் ஏற்றியிருந்தால், கலைஞரே வாய்மொழியாகச் சரி என்று சொல்லியிருந்தாலும், உரிமை அவர் நிறுவனத்திடம் இருக்கலாம். 2010 பிப்ரவரியில் கூகுள் தன் பிளாகர் சேவையிலிருந்த பல இசை வலைப்பதிவுகளை இப்படித்தான் ஒரேயடியாக நீக்கியது. பல ஆண்டு எழுத்து ஒரே நாளில் போனது. விளம்பரத்துக்காக நிறுவனங்களே அனுப்பிய பாடல்கள்தான் அவை என்று எழுதியவர்களில் சிலர் சொன்னார்கள். ஆகவே கோப்பை ஏற்றாதீர்கள், அதிகாரபூர்வ பிளேயரை மட்டும் வையுங்கள். அனுமதி கிடைத்தால் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வையுங்கள். தவறான அறிவிப்பு என்று உறுதியாக இருந்தால் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். எதிர்த் தரப்பு வழக்குத் தொடராவிட்டால் அமெரிக்கச் சட்டப்படி 10 முதல் 14 வேலை நாளில் பதிவைத் திரும்ப வைக்க வேண்டும். எப்படியானாலும் மாதம் ஒருமுறை முழுத் தளத்தையும் ஏற்றுமதி செய்து வேறிடத்தில் வையுங்கள்.

அறிகுறி: பெயர் பரவியதும் அஞ்சல்பெட்டி நிரம்பி வழிகிறது, காசு தருகிறோம் என்றும் வருகிறது

ஒரு படிவம் வையுங்கள். கேட்க இணைப்பு, வெளியீட்டு நாள், பங்களித்தோர் பெயர், ஊர், இரண்டு வரி. பாட்டுக் கோப்பை இணைத்து அனுப்ப வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே அமர்வில், ஒவ்வொன்றையும் குறைந்தது ஒன்றரை நிமிடம் கேளுங்கள். நம் இசையில் பல்லவி பிடிபட அவ்வளவு நேரம் ஆகும். எழுதாதவர்களுக்கு ஒரு வரி பதில் போதும்.

காசு வாங்கிக்கொண்டு பாராட்டி எழுதினால் அன்றோடு வாசகர் நம்பிக்கை போயிற்று. ஸ்பாட்டிஃபை பட்டியலில் பாட்டைச் சேர்க்கக் காசு வாங்குவது அதன் விதிகளுக்கே எதிரானது, கணக்கும் போகலாம். விளம்பரம் எடுத்தால் அது விளம்பரம் என்று பதிவின் முதல் வரிக்கு மேலே தமிழில் எழுதுங்கள். இந்தியாவில் விளம்பரத் தர மன்றத்தின் 2021 வழிகாட்டுதலும் இதைத்தான் கேட்கிறது. தளத்துக்கு ஆகும் டொமைன் செலவுக்கும் மடல் செலவுக்கும் வாசகரிடம் நேரடியாகக் கேட்கலாம்; எவ்வளவு ஆகிறது என்ற கணக்கை வருடம் ஒருமுறை வெளியிட்டால் கேட்பதில் சங்கடம் இருக்காது.